முன்னூத்திப் பன்னண்டு மைல்

ஐயய்யோ, அந்த சீட்டுல மட்டும் உக்காந்துடாதீங்க தம்பி! எழுந்திரிங்க, எழுந்திரிங்க... மெதுவா, மெதுவா. அந்த பிளாஸ்டிக் உறை கிழியாம... ஆங், அப்படித்தான். அது ஃபேக்டரியில போட்டு அனுப்புன உறை. இருபத்தேழு வருஷமா ஒரு கீறல் கிடையாது. கதவை நானே சாத்திக்கிறேன், நீங்க விடுங்க.

கோவிச்சுக்காதீங்க. கார் வாங்க வந்த மனுசனை உக்காராதங்கிறானே, இவன் என்ன ஆளுடான்னு நினைப்பீங்க. மேவிஸும் அதையேதான் சொல்றா. மேவிஸ்தான் என் வீட்டுக்காரி. உங்களை மால்டன் ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வந்தாளே, அவதான். வழியெல்லாம் என்னைப் பத்திச் சொல்லியிருப்பா... ம்? சிரிக்கிறீங்க! சொல்லியிருக்கா! சொல்லாம இருப்பாளா, வீடு வீடாப் போய் முடி வெட்டுறவ. கத்தரிக்கோலும் வாயும் சேந்துதான் ஓடும்.

இன்னிக்குக் காலையில என்ன சொன்னா தெரியுமா? அவிச்ச முட்டையை முன்னாடி வெச்சா. வெச்சுட்டு, 'டெரிக், இருட்டுறதுக்குள்ள இந்த முத்தத்துலேருந்து ஒரு காரு போயாகணும். எதுன்னு நீயே முடிவு பண்ணு. உன்னால முடியலன்னா நான் முடிவு பண்றேன்'ங்கிறா. முட்டை தொண்டையில இறங்குமா? அவ முடிவு பண்ணா நேரா நீங்க ஏறி உக்காந்த இந்தப் பச்சைக் காரு மேலதான் கையை வைப்பா. எனக்குத் தெரியாதா? அதனால தம்பி, எல்லியட்தானே பேரு, எல்லியட் தம்பி, பச்சையைத் தவிர எதை வேணா கேளுங்க. பதினோரு வண்டி நிக்குது. ஒண்ணை ஓட்டிட்டுப் போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

மேவிஸ்! டீயைக் கொட்டகைக்குள்ள கொண்டு வராத! ஆவி, ஆவி!... வெளியிலயே வை. மழை பெஞ்சா என்ன, கப்பு மேல தட்டை மூடி வை... பாத்தீங்களா, எப்படி முறைச்சிட்டுப் போறா. சுவத்துல வட்டமா மாட்டியிருக்கேன் பாருங்க, அது காத்துல எவ்வளவு ஈரம்னு காட்டுற மீட்டர். ஒரு ஆள் உள்ள வந்து நாலு மூச்சு விட்டா முள்ளு ஏறிடும். சேச்சே, உங்களைச் சொல்லல, நீங்க தாராளமா விடுங்க. போன கிறிஸ்துமஸுக்கு என் மச்சினன் குடும்பத்தோட வந்து இங்க நின்னு பாட்டுப் பாடுனான். அவ்வளவுதான், புது வருஷம் பொறந்தும் முள்ளு இறங்கல.

வாசனையா? அது புதினா தைலம். எலிக்கு ஆகாது. இப்பத்து எலிக்கு ஒயர்னா உயிரு, வேற எதுவும் திங்க மாட்டேங்குது. அதனால கொட்டகை பூராவும் தெளிச்சு வெச்சிருக்கேன். 'என்ன மேவிஸ், உன் மேல பல்பசை வாசனை அடிக்குது'ன்னு முடி வெட்டிக்க உக்காந்தவங்க எல்லாம் கேக்குறாங்களாம். அதுக்கும் நான்தான் திட்டு வாங்கணும்.

அந்தக் கிரீம் கலரா? நல்ல கண்ணு தம்பி உங்களுக்கு! பின்னாடி நீளமா, சாமான் வைக்க தோதா... ஒரு டீச்சரம்மா வெச்சிருந்தது. பிள்ளைங்க இருக்கா உங்களுக்கு? ரெண்டா? அப்ப வேண்டாம். வேண்டவே வேண்டாம். பிள்ளைங்க பிஸ்கட் திங்கும். தூள் சீட்டு இடுக்குல போகும். தூளுக்கு எலி வரும். எலி வந்தா... சொன்னேன்ல ஒயர் கதை? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அதை விடுங்க.

சிவப்பு? சின்ன பெட்ரோல் வண்டி. அதைத் தரலாம்... தரலாம்தான். எதுக்கு உங்களுக்கு? தினம் லீட்ஸுக்கு வேலைக்குப் போகவா? ஓட்டப் போறீங்களா?! அட தம்பி! அதை ஓட்டுனா அது பழைய காரு. ஓட்டாம வெச்சாத்தான் அது பொக்கிஷம். இது புரியாம எப்படி நீங்க இவ்வளவு தூரம் ரயில் ஏறி வந்தீங்க?

இங்க பாருங்க, சொல்றேன். காசு உள்ளவன் எல்லாம் என்ன பண்றான்? தாழ்வா, பளபளன்னு, உறுமுற வண்டியா வாங்கிப் பூட்டி வைக்கிறான். எல்லாரும் அதையே பூட்டி வெச்சா அதுல என்ன அதிசயம் இருக்கு? நான் அப்படி யோசிக்கல. நான் நாப்பது வருஷம் வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தவன். மழையில, பனியில, பக்கத்து சீட்டுல உக்காந்து, காலுக்கடியில எனக்குன்னு ஒரு பிரேக்கை வெச்சுக்கிட்டு, இந்த ஊரு ஜனம் எதை ஓட்டுச்சுன்னு பாத்தவன். கடைக்குப் போன வண்டி, ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி, கல்யாணமாகிப் போன பொண்ணு அழுதுக்கிட்டே திரும்பி வந்த வண்டி... அதை எல்லாம் யாரு பத்திரமா வெச்சான்? நசுக்கிப் போட்டுட்டானுங்க தம்பி, தகரமா நசுக்கிட்டானுங்க! இனி பெட்ரோலும் டீசலும் புதுசா வரப் போறதில்ல. ஒருநாள் ஜனம் ஏங்கும். 'எங்கப்பா இதுலதான் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவாரு'ன்னு வந்து நிக்கும். அப்ப யாருகிட்ட இருக்கும்? டெரிக் ஆக்ராய்ட் கிட்ட இருக்கும்.

என்னைக்குன்னா... ஒரு இருபது வருஷம் ஆகட்டும். மேவிஸும் இதையேதான் கேட்டா. 'இருபது வருஷம் கழிச்சு உனக்குத் தொண்ணூத்தி ஒண்ணு டெரிக், பிளாஸ்டிக் உறை போட்டு உன்னையும் இங்க நிறுத்தி வைக்கவா'ன்னா. எப்படிப் பேசுறா பாருங்க. என்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவ தம்பி அவ. ஒரே தடவையில பாஸாயிட்டா. அன்னிலேருந்து ஆரம்பிச்ச திமிரு, இன்னும் இறங்கல.

வெளியில எதைப் பாக்குறீங்க? அதுவா? அது மேவிஸோட கரண்டு வண்டி. ஸ்டேஷன்லேருந்து அதுலதானே வந்தீங்க. தயிர் டப்பா. ...நல்லா இருந்துச்சா? என்ன நல்லா இருந்துச்சு? சத்தம் இருந்துச்சா? கியர் இருந்துச்சா? டப்பாவுக்குச் சக்கரம் மாட்டி விட்ட மாதிரி போகும், வரும். பின் சீட்டு அகலம்னா? ரெண்டு பிள்ளைங்க உக்காரலாம், உக்காரட்டும். அதைப் பத்தி நமக்கு என்ன? நாம வந்த வேலையைப் பாப்போம்.

இந்தப் பச்சையோட கதை தெரியுமா உங்களுக்கு? பிக்கர்ஸ்கில்னு ஒருத்தரு. தபாலாபீஸ்ல இருந்தாரு. சர்ச்சுக் குலுக்கல்ல இந்த டீசல் வண்டி அவருக்கு விழுந்துச்சு. மனுசனுக்கு ஓட்டத் தெரியாது. என்கிட்ட வந்தாரு. 'ஆறு மாசத்துல உங்களை ஸ்காட்லாந்து வரைக்கும் ஓட்ட வைக்கிறேன்'னேன். எங்க! டெஸ்டுக்குப் போனாரு, ஃபெயில். மறுபடி போனாரு, மறுபடி ஃபெயில். ரவுண்டானாவைக் கண்டா கண்ணை மூடிக்குவாரு தம்பி, அவரை என்ன பண்றது? சோதிக்க வந்த அதிகாரி ஒருத்தரு இறங்கி நடந்தே போயிட்டாரு. எத்தனை தடவைன்னு நான் எண்ணுறதை விட்டுட்டேன். கடைசியில அவரும் விட்டுட்டாரு. ஆனா காரை விக்கல. தினம் சாயங்காலம் கராஜைத் திறந்து, இந்த சீட்டுல உக்காந்து, ரேடியோ கேப்பாரு. ஃபிளாஸ்க்குல டீ. மடியில ஸ்காட்லாந்து மேப்பு. ரேடியோ முடிஞ்சதும் மேப்பை மடிச்சு வெச்சுட்டு வீட்டுக்குள்ள போயிடுவாரு. அவரு செத்த பின்னாடி அவரு தங்கச்சி என்னைக் கூப்பிட்டு, 'இதை மதிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்'னு சாவியைக் கையில குடுத்துச்சு. மீட்டரைப் பாருங்க. முன்னூத்திப் பன்னண்டு மைல். அதுல முக்காவாசி நான் பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டே போனது. என்ன அருமையான வாழ்க்கை பாருங்க... வண்டிக்குச் சொல்றேன்.

இதை மேவிஸ்கிட்டச் சொன்னா அவ அழுவுறா. நான் மைலைச் சொல்றேன், அவ பிக்கர்ஸ்கிலை நினைச்சு அழுவுறா. பொம்பளைங்ககிட்ட எதையும் சொல்ல முடியல.

இது யாரு இங்க ஒயரை இழுத்து விட்டது? கால் தடுக்குது. டப்பாவுக்குச் சார்ஜ் போடுற இடத்துலேருந்து வருது போல. எல்லா எடத்துலயும் அவ ஒயர்தான்... சரி தாண்டி வாங்க. பானட்டைத் திறக்கிறேன், இந்த டார்ச்சைப் பிடிங்க. இந்தப் பக்கம் அடிங்க. இன்னும் கீழ. ஆங்.

பாத்தீங்களா இன்ஜினை? சாப்பிடுற தட்டு மாதிரி இருக்கா இல்லியா? நான் இதை ஸ்டார்ட் பண்ணவே மாட்டேன். எல்லாரும் வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் ஓட விடுவாங்க. அது தப்பு. அரைகுறையாச் சூடானா உள்ள தண்ணி கோத்துக்கும். ஓட்டுனா முழுசா ஓட்டணும், இல்லன்னா தொடவே கூடாது. நான் தொடுறதில்ல. ஆனா ஒருநாள் ஓடுச்சுன்னா எப்படி இருக்கும்னு மனசுக்குள்ள கேட்டுக்குவேன். சாவியைத் திருப்புனதும் ஒரு இருமல். அப்புறம் கடகடகடன்னு... உடம்பே குலுங்கும். வண்டி வருதுன்னு மூணு தெரு தள்ளித் தெரியும். வீட்டுக்காரி அடுப்புல தண்ணி வைப்பா. டப்பாவுல வந்தா யாருக்குத் தெரியும்? வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. திருடன் வண்டி தம்பி அது! அன்னிக்கு நான் முத்தத்துல கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்கேன், முதுகுக்குப் பின்னால வந்து நிக்குது. துள்ளிக் குதிச்சதுல தீனி பூரா என் தலையில. மேவிஸ் உள்ள உக்காந்து சிரிக்கிறா. அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு... அது வேற விஷயம். நான் என்ன சொல்றேன்னா, சத்தம் போடாத சாமானை நம்பக்கூடாது. நாம இங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே எவனாவது ஏறி உக்காந்து கொண்டு போயிட்டான்னாகூட நமக்கு ஒண்ணும்... தம்பி, வெளிச்சம் ஆட மாட்டேங்குதே, கை வலிக்கலையா? நல்ல உறுதியான கை உங்களுக்கு. பேட்டரி பக்கம் கொஞ்சம்... தம்பி?

தம்பி?

டார்ச்சை மட்டும் மட்கார்டு மேல வெச்சுட்டு... எல்லியட்! இது என்ன... இந்தச் சார்ஜ் ஒயரு பேட்டரியில மாட்டியிருக்கு! பச்சையோட பேட்டரிக்கு யாரு சார்ஜ் போட்டது?

மேவிஸ்! அந்தத் தம்பி எங்க? டீ குடிக்க வந்தாரா? ...போயிட்டாரா? எதுல போனாரு, நடந்தா? மழையிலயா? மால்டன் எங்க இருக்கு, இது எங்க... ஏன் அங்க காலியா இருக்கு? உன் டப்பா எங்க?

வித்துட்டியா?!

அவருக்கா? ...டப்பாவையா? எப்ப பேசுனீங்க? வரும்போதேவா! அப்ப நான் இவ்வளவு நேரம்... கிரீம் கலரு, சிவப்புன்னு தொண்டை வறள... 'ஒரு காரு போகணும்'னுதான் சொன்னியாம். எதுன்னு சொல்லலியாம். வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்டி நீ. சரி, திங்கக்கிழமை முடி வெட்ட எதுல போவ?

என்னது, போகலியா? ...வேலையை விட்டுட்டியா? வெள்ளிக்கிழமையோடயா? என்கிட்டச் சொல்லவே... சொன்னியா? எப்ப? நான் புதினா தெளிச்சுக்கிட்டு இருந்தப்பவா. ம்... 'ம்'னேனாமா. அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எதுக்குக் கையை நீட்டுற? சாவியா? எந்தச் சாவி? பச்சையோடதா? மேவிஸ், வேண்டாம். சிவப்பை எடுத்துக்க. கிரீமை எடுத்துக்க. வரி கட்டல, இன்சூரன்ஸ் இல்ல, வருஷா வருஷம் பண்ற வண்டிச் சோதனை பண்ணாம ரோட்டுல... காலையிலயே போட்டுட்டியா இன்சூரன்ஸு? மெக்கானிக் கிட்ட அந்தச் சோதனைக்கு நேரமும் சொல்லியாச்சா? நேரா சோதனைக்குப் போறதுன்னா போலீஸும் ஒண்ணும் சொல்லாது... எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்க. பாஸாச்சுன்னா எங்க? விட்பிக்கா? கடலுக்குப் பக்கத்துல நிறுத்தி மீனும் உருளைக்கிழங்கு வறுவலுமா! வண்டிக்குள்ளயா? வினிகர் வாசம் மேவிஸ்! சீட்டுல ஏறுனா போகாது! அப்புறம் அது பொக்கிஷம் இல்ல, வெறும்...

அழுவாத. ஏய், அழுவாத. நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? ...ம். ம். எனக்கும் தெரியும். பிக்கர்ஸ்கில் சாயங்காலம் மேப்பை மடிச்சு வைக்கிறப்ப நானும் ஒருநாள் பாத்திருக்கேன். கராஜ் வாசல்ல நின்னு பாத்துட்டு, கூப்பிடாமத் திரும்பி வந்துட்டேன். 'வாங்க, நான் ஓட்டுறேன், ஸ்காட்லாந்து போவோம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. மீட்டர் ஏறிடும்னு நினைச்சேன் போல. சீ, என்ன புத்தி.

இந்தா சாவி. பிடி.

இரு, உறையை நானே எடுக்கிறேன். நீ பிச்சு எறிவ... சர்ர்ர்ருன்னு வருது பாரு. அடியில துணி புதுசா இருக்கு மேவிஸ், கோடு போட்ட துணி! இதை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்.

நீ அந்தப் பக்கம் ஏறு. நான் என் பழைய சீட்டுலயே உக்காந்துக்கிறேன். பெல்ட்டு. கண்ணாடி பாத்தியா? திருப்பு... இருமுது, இருமுது... ஆ! கேளு! கேளு அதை! கோழி எல்லாம் ஓடுது பாரு! ஹேண்ட்பிரேக்கை விடு. கிளட்ச்சை மெதுவா... மெதுவாங்கிறேன்ல! ...என் காலா? அது தானா அமுக்குது. கீழ பிரேக்கு இல்லன்னு எனக்கும் தெரியும், காலுக்குத் தெரியல.

பள்ளத்தைப் பாத்து ஓட்டு. அப்படித்தான். மேவிஸ், மீட்டரைப் பாத்தியா? கடைசி நம்பர் புரளுது... பாதி... முக்கா...

முன்னூத்திப் பதிமூணு.

நிறுத்தாத. போ.