சிலுவை அண்ணாச்சியின் நீர்க்காகம்

மனிதர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் மூக்குதான் கண்ணில் படும். தொழிலால் வந்த பழக்கம், மேடம், தப்பாக நினைக்க வேண்டாம். என் பெயர் வன்னியபெருமாள். நம் துறைமுகத்துக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு கல் பட்டறை இருக்கிறது. பிள்ளையாரும் கல்லறைக் கல்லும் வயிற்றுக்கு, பறவைகள் மனதுக்கு. உப்பளத்துப் பூநாரை, குளத்துக் கொக்கு, வயலில் எலி பிடிக்கிற ஆந்தை என்று பார்த்ததையெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஆந்தையைப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகாதே என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இறந்துபோன சிலுவை அண்ணாச்சி சங்கு குளித்தவர். முத்துக் குளித்த பரம்பரை என்று அவர் வீட்டில் பெருமை பேசுவார்கள். ஆயுசு முழுக்க அவர் எடுத்ததெல்லாம் சங்குதான். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர்கள் கைவிரித்தார்கள், ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் பூசி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். மகன் இனிகோ காரியக்காரன். அப்பா கண்ணை மூடும் முன்பே கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவைக்க என்னிடம் வந்துவிட்டான். சிறகு வைத்த சம்மனசு, அதாவது தேவதூதன் வேண்டும் என்றான்.

நான் அவன் அப்பாவை நினைத்துப் பார்த்தேன். நீண்ட கழுத்து, வளைந்த மூக்கு, முங்கினால் லேசில் எழும்பாத மூச்சு. நீர்க்காகம்தான் சரி என்றேன். பழைய துறைமுகத்தில் கட்டை மேல் உட்கார்ந்து ஈரச் சிறகை விரித்துக் காயவைக்குமே, அந்தக் கோலத்தில். கல்லறையில் காக்காயா என்று ஃபாதர் முகத்தைச் சுளித்தார். விரித்த சிறகோடு பார்த்தால் சிலுவையில் கை விரித்துத் தொங்குகிற பாடுபட்ட சுரூபம் மாதிரியே இருக்கும் என்றேன். சரி, செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கல்லில் எனக்கு எல்லாமே கூடி வந்தது. தலையும் கழுத்தும் அலகும் ஒரே கல், ஒட்டு கிடையாது. சாய்வெயிலில் பார்த்தால் சிறகில் ஈரம் தெரியும். கல்லில் ஈரம், மேடம். என் ஆயுசில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வேலை முடிகிற சமயத்தில் அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். உயிர் வீட்டிலாவது போகட்டும் என்று கொண்டுவந்தவர்களிடம் சீலா மீன் குழம்பு கேட்டு, சாப்பிட்டு, எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். எனக்கும் சந்தோஷம்தான், நல்ல மனுஷன். தன் கல்லறைக் கல்லைப் பார்க்க ஆட்டோ பிடித்து அவரே வந்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். சிறகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“ஏலே வன்னியா, இது நாந்தாம்லே. இத இப்பமே எதுக்கு கல்லறையில கொண்டு வைக்கணும்? வீட்டு கேட்டுக்கு மேல வச்சிருவோம். வாயில ஒரு ஓட்டையப் போட்டு பல்பு மாட்டிரு. வாரவன் போறவனுக்கு வெளிச்சமாவது இருக்கும்.”

அலகு தாங்காது, விண்டுவிடும் என்றேன். வேறு பறவை சும்மாவே செய்து தருகிறேன் என்றேன். பல்பைக் கையில் பிடித்த மாதிரி ஒரு சம்மனசு செய்யக்கூட ஒத்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“ஒடஞ்சா சிமெண்டப் பூசி ஒட்டிக்கிடலாம்லே. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கியே.”

அந்த சிமெண்ட் பேச்சை அவர் பேசியிருக்க வேண்டாம்.

சிலையை ஏற்றிப்போகிற அன்று, டெம்போ வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். பட்டறையில் ஒரு பெரிய பலகைக் கல் மரக்கட்டையை முட்டுக் கொடுத்துச் சாய்வாக நின்றது. நீர்க்காகத்தை முந்தின நாளே தள்ளி நகர்த்தி, சாக்கு போட்டு மூடிவைத்திருந்தேன். சில்லு தெறிக்கும் அல்லவா. பீடத்துக்கு இந்தக் கல் ஆகுமா, அடியில் விரிசல் ஏதும் இருக்கிறதா, குனிந்து பாருங்கள் அண்ணாச்சி என்றேன். நம்பிக் குனிந்தார். நான் சம்மட்டியால் கட்டையைத் தட்டிவிட்டேன். மூச்சடக்குவதில் பெயர் வாங்கியவர், ஆனால் அதற்கெல்லாம் அவகாசம் இருக்கவில்லை.

விபத்து என்று நீங்களே எழுதி முடித்தீர்கள். உங்கள் மேல் குறையில்லை. அடக்கத்தில் நான் அழுதது நிஜ அழுகைதான். நீர்க்காகம் அது இருக்க வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வெயில் பட்டபோது ஃபாதர்கூட நின்று பார்த்தார். எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இனிகோ வந்தான். கல்லறைக்கெல்லாம் விளக்கு வைக்கிற கல்லறைத் திருநாள் வருகிறதாம். அப்பாவின் கடைசி ஆசை அந்தப் பல்புதானாம். அலகில் துளை போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டானாம். சொல்லும்போது கண் கலங்கினான். ஒரு கல் பார்க்க வேண்டும், பட்டறைக்குள் வா என்று அவனையும் கூப்பிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த வீட்டில் பல்புக்கு ஆசைப்படாதவர் ஒருவரும் இல்லை. எத்தனை பேரைத்தான் குனியச் சொல்வது? நானும் இரக்கமுள்ளவன்தான், மேடம்.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். கொலை வழக்கு என்றால் சம்பந்தப்பட்ட பொருளைக் கைப்பற்றி சீல் வைத்துவிடுவீர்களாம், பிறகு யாரும் தொட முடியாதாம், கேஸ் முடிய வருஷக்கணக்கில் ஆகுமாம். அவர் மேல் விழுந்தது நீர்க்காகம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் போனது அதனால்தான் என்பது பொய்யில்லையே. திருநாளுக்கு முன்னால் எடுத்துவிட்டால் போதும்.

தூக்கும்போது கழுத்தில் கயிறு போட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். அது போனால் போனதுதான், மேடம். அப்படி ஒன்றை இன்னொரு தடவை யாராலும் உண்டாக்க முடியாது.