கபிரியேல் ஓடாவியின் மேசையில் ஆணி அறைய வேண்டாம்

மேடையில் இருக்கிற சுவாமியார் அவர்களே, சூசையப்பர் சபைத் தலைவர் ஞானாதிக்கம் பிள்ளை அண்ணாச்சி அவர்களே, சபைப் பெரியோர்களே, முப்பதாம் நாள் பூசை கண்டு அப்படியே எழுந்து வந்திருக்கிற தாய்மார்களே, இடமில்லாததாலோ வழக்கத்தினாலோ வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களே, எல்லாருக்கும் தோத்திரம்.

எனக்கு முன்னே பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். கோயில் கூரைக்கு அவர் உத்திரம் ஏற்றியதைச் சொன்னார்கள், தேருக்கு அச்சு மாற்றியதைச் சொன்னார்கள். எல்லாம் மெய். நான் அவருடைய மனைவி ரோசம்மாள். அவரோடு பட்டறையில் வேலை செய்தவளும் நானே. பெரிய ரம்பத்தின் ஒரு முனை அவர் கையில் இருந்தால் மறுமுனை என் கையில் இருக்கும். மனைவியாக அழ வேண்டியதை வீட்டில் அழுதுகொள்கிறேன். இங்கே கூட வேலை செய்தவளாகப் பேச எழுந்தேன்.

கலியாணமான நாள் முதல் அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். இன்றைக்குச் சொல்கிறேன். கபிரியேல் ஓடாவி! புன்னைக்காயலில் தோணி கட்டிய கபிரியேல் ஓடாவி! சுதேசிக் கப்பலைப் பற்றி ஊரெல்லாம் பேசிய வருஷம், கோயில் கூரை வேலைக்கென்று ஆற்றங்கரையோடு மேலே ஏறி இந்த ஊருக்கு வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட கபிரியேல் ஓடாவி!

சற்று முன்னே தலைவர் அண்ணாச்சி ஒரு செய்தி சொன்னார்கள். அவர் முடிக்காமல் விட்டுப்போன சாப்பாட்டு மேசையை நாளைக்கே பட்டறையிலிருந்து எடுத்து வருவார்களாம். அது விரிகிற இடத்தில் இரும்பு ஆணி அறைந்து இறுக்கி, வார்னிஷ் பூசி, அவர் பெயரை வெட்டி, இந்த மண்டபத்தில் ஞாபகமாக வைப்பார்களாம். கேட்டுவிட்டு எல்லாரும் தலையசைத்தீர்கள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஐயாமாரே, அந்த ஆணியைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

அந்த மேசை எதற்காக உண்டானது? மறந்துவிட்டீர்களா?

சவேரியார் திருநாள் அசன விருந்தை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை மழை. மண்டபத்துக்குள்ளே பழைய மேசை, அதைச் சுற்றிச் சபை அங்கத்தினர். மற்ற சனங்களுக்கு வெளியே ஓலைக் கொட்டகையில் பந்தி. யார் உள்ளே, யார் வெளியே என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் சொல்லி யாரையும் நோகடிக்க வரவில்லை. இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் என் புருஷன் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவ வெளியே வந்தபோது, கொட்டகை ஒழுகி ஒரு கிழவியின் இலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். அவள் ஒரு கையால் இலைக்கு மேலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டாளாம்.

அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து, "எல்லாரும் உள்ளேயே உக்காரலாம். நீளுத மேசை ஒண்ணு நான் செஞ்சு தாரேன்" என்றார். உடனே ஒருவர், "மேசை என்ன மலைப்பாம்பா வே, நீளுததுக்கு?" என்று கேட்டார். சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தோணிப் பாய் கணக்குத்தான் அண்ணாச்சி. காத்து தளந்தா விரிக்குதோம், பலத்தா சுருட்டுதோம். ஆள் கூடுனா மேசைய விரிப்போம், போனபொறவு சேத்துருவோம்."

சுவாமியார் சரி என்றார்கள். தலைவர் அண்ணாச்சியும் சரி என்றார்கள். வெளியே உட்கார்கிறவர்களுக்கு அன்றைக்கே வார்த்தை போயிற்று. அடுத்த திருநாளுக்கு நீங்களும் உள்ளே என்று.

அவர் மேசை செய்ததை நான் பார்த்தேன். மேற்பலகை இரண்டு பாதி. இரண்டும் பிரிந்து இருபுறமும் போகும். நடுவே விழுகிற இடத்தில் தனிப் பலகைகளைப் போட்டுக்கொள்ளலாம். பாதிகள் தொங்காமல் போய்வர, அடியில் பக்கத்துக்கு ஒரு சோடி நீளச் சட்டங்கள், ஒன்றில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் ஒன்று ஓடும்படி. அந்தக் காடி மேலே ஒடுங்கி உள்ளே அகன்று மீன்வால் போல் இருக்கும். பிடித்தால் நழுவாது. கால்கள் எல்லாம் துளையும் அதில் செருகுகிற கழுந்தும். முளைகூட மரந்தான். ஒரு இரும்பு ஆணி கிடையாது. "தோணிக்கு ஆணி அடிக்கிறவர்தானே, இதற்கு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டேன். "இது மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். ஆணி போட்டுப் பிடிச்சா போக்கிடமில்லாம பலகை வெடிச்சிரும்ட்டி" என்றார்.

கடலோரத்துக் கை அல்லவா, சட்டம் வழுக்கி ஓட வேண்டும் என்று சுறா எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட்டார்! மண்டபத்துக்குக் கொண்டுவந்த அன்று ஊர்ப் பூனையெல்லாம் மேசைக்கடியில். தலைவர் அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஓடாவியாரே, இலையே போடல, அதுக்குள்ள குழம்பு மணக்குதே!" என்றது நினைவிருக்கிறதா? சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கைத் தோல் போயிற்று. பிறகு தேன்மெழுகு பூசினோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டேதான் சவேரியார் திருநாளும் வந்தது.

இரண்டு நாளாக மழை. ஆற்றில் செந்தண்ணீர். மண்டபச் சுவரெல்லாம் ஈரம். உள்ளே வரச் சொல்லப்பட்டவர்கள் தலை துவட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற மாடக்கண்ணு அண்ணன் எல்லாருக்கும் முன்னே, வெளுத்த வேட்டி கட்டி நின்றார். என் புருஷன் மேசையின் ஒரு பாதியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. புன்னைக்காயலிலிருந்து திருநாளுக்கு வந்திருந்த கொழுந்தனார் லியோன் மறுபாதியைப் பிடித்தார். வரவில்லை. சபை அங்கத்தினரும் கூட நின்று இழுத்தார்கள். மேசை முழுக்க நகர்ந்ததே தவிர விரியவில்லை.

"வாயத் தொறக்க மாட்டேங்கு வே! மேசை உபவாசம் இருக்கு!" என்று ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் தாங்கிக்கொண்டார். மாடக்கண்ணு அண்ணன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "விடுங்க ஓடாவியாரே, எங்களுக்குப் பழகுன எடந்தான" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி மழைக்குள் போனார். வந்தவர்கள் எல்லாரும் அவர் பின்னாலே போனார்கள். என் புருஷனும் போனார். கொட்டகையில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். இலையில் போட்டதைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் பட்டறையில் மேசையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். ஓடும் சட்டத்தைக் கையில் எடுத்து, என்ன செய்தார் தெரியுமா? நாக்கால் தொட்டுப் பார்த்தார்.

"உப்பு" என்றார். என் பக்கம் நீட்டி, "நீயும் பாரு" என்றார். பார்த்தேன். உப்புத்தான்.

அந்தச் சட்டங்களைத் தூத்துக்குடியில் உடைத்துப் போட்ட ஒரு பழைய தோணியின் தேக்கில் அறுத்திருந்தார். ஆயுசுக்கும் உளுக்காத மரம் என்று ஆசைப்பட்டு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தது. அத்தனை வருஷம் கடலில் ஊறிய உப்பு உள்ளே கிடந்து, மழைக்காற்றில் ஈரத்தை வாங்கி வாங்கி மரத்தை வீங்க வைத்துவிட்டது. "ஏட்டி, இது இன்னும் கடல்லதான் கெடக்கு" என்றார். போதாததற்குத் தோணி கட்டுகிற கை. தோணியில் பலகையை இறுக்கித்தான் சேர்ப்பார்கள். தண்ணீர் குடித்து வீங்கினால்தான் இடுக்கு அடையும், ஒழுகாது. அந்தப் பழக்கத்தில் காடியையும் நூலிழை இடம் விடாமல் வெட்டியிருந்தார். கடலில் நாலு பேரைக் காப்பாற்றுகிற இறுக்கம், இங்கே அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் மழையைக் குற்றம் சொல்லியிருப்பார். மரம் விற்றவனைச் சொல்லியிருப்பார். அவர் யாரைச் சொன்னார்? வீடு வீடாகப் போய், "வேலை எம் பிழை. மேசை விரியும். இன்னும் ஒரு தடவை என்னை நம்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மாடக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு முதலில் போனார்.

அதற்குப் பிறகு பாபநாசத்து மலை ஈட்டி மரம் வாங்கினார். உப்பறியாத மரம். அறுத்ததை என் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிட்டார். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அது என் சமையல் புகையிலேயே காய்ந்தது. "சோறு வடிக்க இடமில்லை, தலையில் இடிக்கிறது" என்று நான் சண்டை போட்டதும் உண்டு. இந்தக் கோடையில் ஒரு பக்கத்துச் சோடியை முடித்தார். காடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பனையோலைக் கீற்று ஒன்றை விட்டு இழுத்துப் பார்ப்பார். ஓலை எங்கே சிக்குகிறதோ அங்கே இழைப்புளி. ஓலை தாராளமாகப் போனால்தான் விடுவார். பார்த்துக்கொண்டிருந்த லியோன் கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை. "என்ன மதினி இது, கெழவன் பல்லு மாதிரி ஆடுதே! கடக்கரையில இப்படி வேல செஞ்சா சிரிப்பாவ" என்றார். "ஆடட்டும்லே. மழைக்கு அதுவே எடத்த நெறச்சுக்கும். நீ பைய பாரு" என்று இவர் சொன்னார்.

அப்புறம் அந்தப் பாதியின் மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். வெளியே ஆடிக் காற்று, உள்ளே அவர் செய்த மழை. சாக்கை எடுத்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, ஒத்த வெரலால தள்ளு" என்றார். தள்ளினேன். ஐயாமாரே, தாய்மார்களே, அது போயிற்று! சத்தமில்லாமல், தண்ணீரில் தோணி போவது போலப் போயிற்று! அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து வந்து அவரும் ஒரு விரலால் தள்ளினார். பிள்ளைகளைப் போல மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தோம்.

மறுபக்கத்துச் சோடிக்குச் சட்டம் அறுத்து, காடி பாதி வெட்டியிருந்தார். அதற்குள் காய்ச்சல். உளியைக் காடியிலேயே வைத்துவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை.

கபிரியேல் ஓடாவி எழவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்த மேசையில் ஆணி அறைந்தால் மிஞ்சுவது என்ன? பழைய மேசை மாதிரி இன்னொரு மேசை. உட்காரப் போவது யார்? முன்னே உட்கார்ந்தவர்களேதான். அவர் பெயரை அதில் வெட்டினால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இலை போட்டு நீங்கள் சாப்பிடுவீர்கள். வார்த்தை கொடுக்கப்பட்டவர்கள் மறுபடியும் கொட்டகைக்குப் போவார்கள். அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்ன சொல் என்னவாகும்? செத்தவர் சொல் செத்தது என்று ஆகிவிடாதா? ஆணி அறைந்த பலகையும் இந்த மழைக்கே வெடிக்கும். அது அவரே சொன்னது.

தலைவர் அண்ணாச்சி அவர்களே, உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் நடக்க முடியாமல் கிடந்தபோது வைத்தியரை உங்கள் வண்டியில் கூட்டிவந்தவர் நீங்கள். ஆனால் நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாம். மேசை என் பட்டறையில் இருக்கிறது. நான் கொடுக்க மாட்டேன். ஒரு பொம்பளை இப்படிச் சபையில் எதிர்த்துப் பேசுவது முறையில்லை என்றால், அதற்கு என்ன அபராதமோ போடுங்கள். மேசையை மட்டும் கொடுக்க மாட்டேன்.

மீதி வேலையை நாங்கள் முடிப்போம். லியோன் கொழுந்தனார் புன்னைக்காயல் வேலையை விட்டுவிட்டு வந்து உளி பிடிக்கச் சம்மதித்துவிட்டார். பூசை முடிந்ததும் என்னிடம், "மதினி, என் கை இறுக்கித்தான் வெட்டும், பக்கத்துலயே நில்லுங்க" என்றார். நிற்பேன். ஓலையை நான் விட்டுப் பார்ப்பேன். சிக்குகிற இடத்தைக் காட்டுவேன். ஈரச் சாக்கை நான் போடுவேன். எனக்குத் தெரிந்த வேலை அது. அவர் கையைப் பார்த்தே பழகிய வேலை.

சுவாமியார் அவர்களே, நீங்கள் தினமும் பூசையில் அவர் ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்கிறீர்கள். உங்களுக்குக் கோடி புண்ணியம். இன்னும் ஒன்று கேட்கிறேன். சவேரியார் திருநாள் பிரசங்கத்தில், யார் யார் உள்ளே உட்காரலாம் என்பதை நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். மரவேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அந்த வேலை உங்களுடையது.

வாசலில் நிற்கிற மாடக்கண்ணு அண்ணே, அவருக்குக் குழி வெட்டியது நீங்கள். வெட்டும்போது அழுதீர்கள் என்று சொன்னார்கள். உங்களுக்கு அவர் கொடுத்த வார்த்தையை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் திருநாளைக்கு வாருங்கள். வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வந்து உள்ளே உட்காருங்கள்.

தாய்மார்களே, ஐயாமாரே, கபிரியேல் ஓடாவியின் ஆத்துமத்துக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், வெயிலுக்காக யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு மழை பெய்யட்டும். நன்றாகப் பெய்யட்டும்.