மூலையில் வைத்த பொட்டு

இந்த அறையில் ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறது, இன்ஸ்பெக்டர். என் கடையில் இருப்பது சத்தம் மட்டும்தான் போடும். தெமியாங்கில் பழைய கணினி வாங்கி விற்கிறவனுக்கு அது போதும் என்பாள் என் மனைவி இசபெல்.

நீங்கள் மரியாதையாகக் கேட்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிரம்பானில் ஒரு டாக்டர் ஓய்வு பெற்றுக் கிளினிக்கை மூடினார். அவருடைய கணினியை, அதிலிருந்த மென்பொருளோடு நான் வாங்கினேன். நல்ல மென்பொருள். ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுதப் போனால் திரை சிவப்பாகித் தடுத்துவிடும். ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமத்தை ஒரே ஒருவருக்குத்தான் கைமாற்றலாம், அதையும் மென்பொருள் கம்பெனியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கம் தோட்டங்கள் கைமாறியபோதெல்லாம் லயன் வீட்டுக் கூலிச் சனங்களும் சேர்ந்தேதான் கைமாறினார்கள். அவர்களுக்காக யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. மென்பொருளுக்கு மட்டும் இவ்வளவு மானம் மரியாதை.

லாபு பக்கம் ஒரு தோட்டத்துக் கிளினிக்குக்கு அதை விற்றேன். சட்டப்படியான விற்பனை. அங்கே மருந்து கொடுப்பவர் டிரெசர் யோகேந்திரன். ஊசியை எடுக்குமுன் "முன்ன ஏதும் ஊசி ஒத்துக்காம போயிருக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது அவர் வழக்கம். அந்தச் சிரமத்திலிருந்து அவரை நான்தான் விடுவித்தேன்.

"இனிமே வாய் வலிக்கக் கேக்க வேணாம்லா டிரெசர். பெட்டியே சொல்லிடும்."

"நெசமாவா தம்பி?"

"டவுன்ல டாக்டருங்களே இதத்தான் நம்புறாங்க."

அவரும் நம்பினார். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் அமைவது பாக்கியம்.

அதற்கு முன்பே சுங்கை காடுட்டில் புதிதாகக் கிளினிக் திறக்கும் ஒருவர் இதே மென்பொருளைக் கேட்டு வைத்திருந்தார். உரிமச் சாவி என்பது மென்பொருளைத் திறக்கத் தட்டவேண்டிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி, அவ்வளவுதான். அதன் நகல் என்னிடம் இருந்தது. எதையும் வீணாக்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஒரே சாவியை இரண்டு இடத்தில் போட்டால், பிந்தி வந்தவருக்கு எல்லாம் வேலை செய்யும். முந்தி வந்தவருக்கு அந்தச் சிவப்புத் தடுப்பு மட்டும் நின்றுபோகும். மற்றபடி பெயர் வரும், மருந்துச் சீட்டு வரும், எதிலும் குறை தெரியாது. திரையின் கீழ் மூலையில் 'எச்சரிக்கை செயலில் இல்லை' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் நிற்கும். கடையில் இரண்டு கணினிகளில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தொழிலில் நான் கவனமானவன்.

தோட்டத்தில் புது மோட்டார் வந்தாலும் பூசை, புதுக் கணினி வந்தாலும் பூசை. கணினியைப் பொருத்திய அன்று, கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் திலகா சூடமும் சந்தனக் கிண்ணமுமாக வந்து நின்றாள். திரைக்கு மேலே விளிம்பில் பொட்டு வைக்கப் போனாள். நான் கிறிஸ்தவன்தான். ஆனால் பிறர் நம்பிக்கையை மதிக்கிறவன்.

"அங்க வேணாம் தங்கச்சி. இங்க, கீழ் மூலையில வையி. கண்ணாடி மேலயே நல்லா பெருசா வையி."

"காஞ்சு உதுந்துருமேண்ணே?"

"வெள்ளிக்கெழம தவறாம புதுசா வெச்சிரு. சாமி காரியம்ல."

திலகா ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை. நானும் நிம்மதியாகச் சாவியை சுங்கை காடுட்டுக்கு விற்றேன்.

பஞ்சாலை என்ற அம்மா அந்தத் தோட்டத்தில் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்குபவர். காலில் முள் குத்திச் சீழ் பிடித்து கிளினிக்குக்கு வந்தார். அவருக்குப் பெனிசிலின் ஆகாது. அவரே சொல்லி, திலகாதான் அதைக் கணினியில் ஏற்றியிருந்தாள். டிரெசர் பெயரைத் தட்டினார், மருந்தை எழுதினார். திரை சிவக்கவில்லை. பெட்டிக்குத் தெரியும் என்று நம்பி அவர் கேட்கவில்லை. பெட்டிக்குத் தெரியும் என்று நம்பி அந்த அம்மாவும் சொல்லவில்லை. ஊசி போட்டதும் மூச்சுத் திணறி, சிரம்பானுக்குக் கொண்டுபோகும் வழியில் தோட்டத்து வேனிலேயே உயிர் போய்விட்டது. நான் மாலை அனுப்பினேன்.

விசாரணை வைத்தார்கள். கணினி தெரிந்தவன் என்று நிர்வாகம் என்னையே அழைத்தது. எல்லோர் முன்னிலையிலும் ஈரத்துணியால் அந்த மூலையைத் துடைத்துக் காட்டினேன். "கம்பெனி எச்சரித்திருக்கிறது. இவர்கள் அதன்மேல் பொட்டு வைத்திருக்கிறார்கள்" என்றேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணன்தான் சார் அங்க வைக்கச் சொன்னாரு" என்றாள் திலகா.

"அவரு சர்ச்சுக்குப் போறவரு. அவரா பொட்டு வைக்கச் சொன்னாரு?" என்று மேனேஜர் கேட்டார். நான் பணிவாகத் தரையைப் பார்த்தேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

யோகேந்திரனுக்கு வேலை போனது. அவர்மேல் வழக்கும் வந்தது. அதன்பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்தம்மா சொல்லியிருக்கும்ல, தம்பி. நான்தானே கொன்னுட்டேன்?"

அவர் அழுதது எனக்குத் தாங்கவில்லை. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஆமாம், இன்ஸ்பெக்டர். தடுப்பு நின்றுபோகும் என்று தெரிந்தேதான் சாவியை இரண்டாம் முறை விற்றேன். அந்த வரி யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் பொட்டு வைக்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று அவரை உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, தோளில் கை வைத்து, முழு மனதோடு அவரை மன்னித்தவனும் நான்தான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.