நாப்பத்தொம்பது நிமிஷம் எங்க போச்சு?

...அதெல்லாம் விடுங்க சார். நானூத்தி எண்பது கிலோமீட்டர். இந்த விமானக் கம்பெனிக்காரங்க பலகையிலயே போட்டிருக்கு. விமானம் மணிக்கு எண்ணூறு போகுதாம். அதையும் அவங்கதான் பெருமையா போட்டிருக்காங்க. வகுத்துப் பாருங்க. முப்பத்தாறு நிமிஷம்! டிக்கெட்டுல என்ன? ஒரு மணி இருபத்தஞ்சு நிமிஷம். மிச்சம் நாப்பத்தொம்பது நிமிஷம் எங்க போச்சு? ஒருத்தராவது கேக்கணுமே... ம்ஹூம். பையை மாட்டிக்கிட்டு வாயைத் திறக்காம வரிசையில நின்னாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தக் காகிதத்தை விரிக்கணும்.

நான் கேட்டேன். டிக்கெட் பாத்து உள்ள விடுதே, அந்தப் பொண்ணுகிட்ட. "ஐயா, ஓடுபாதைக்கு உருண்டு போகணும், மேல ஏறணும், சுத்தி இறங்கணும், எல்லாம் சேத்துதான் நேரம்"னுச்சு. உருளுறதுக்கெல்லாம் நேரமாம்! யார்கிட்ட? மில்லுல இருபத்தாறு வருஷம் சங்கச் செயலாளர் சார் நான். கேட்டுலருந்து மெஷினுக்கு நடக்கிற பத்து நிமிஷமும் வேலை நேரம்தான்னு ரெண்டு வருஷம் போராடி வாங்கிக் குடுத்தவன். துண்டறிக்கை பூரா என் கைப்பட எழுதினது...

என்ன சிரிக்கிறீங்க? அது வேற, இது வேற. அங்க நடந்தது மனுஷன். இங்க உருளுறது சக்கரம்.

சரி, பேச்சு வேலைக்காகாதுன்னு மனு எழுதினேன். நாலே கோரிக்கை. வரிசையில போய்க் கையெழுத்து கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஜனங்க. இருபத்திமூணு பேர் போட்டாங்க. ஒருத்தர் படிக்காமலே போட்டார்.

அந்தப் பொண்ணு மூணு தடவை வந்து, "ஐயா, கதவை மூடப்போறோம்"னுச்சு. கதவை மூடுவாங்களாம்! இந்த மிரட்டலை எத்தனை முதலாளி வாயால கேட்டவன் நான். அடித்தல் திருத்தல் இல்லாம நல்ல பிரதி ஒண்ணு எடுக்காம எந்திரிக்க மாட்டேன்னுட்டேன்.

எடுத்து முடிச்சு நிமிந்து பாத்தா... வரிசையைக் காணோம். கையெழுத்துப் போட்ட இருபத்திமூணு பேரும் போயாச்சு. விமானத்தோட.

அடுத்தது சாயங்காலம் ஆறு மணிக்குத்தானாம்.

அங்க என் அண்ணனுக்கு ரெண்டு மணிக்கு ஆபரேஷன் சார். இதயத்துல. அவரும் அதே மில்லுதான். கடைசி வேலைநிறுத்தத்துல அவர் உள்ள வேலைக்குப் போனார், நான் கேட்டுக்கு வெளியில நின்னேன். கருங்காலின்னு நோட்டீஸ் அடிச்சதும் நான்தான். பேரைப் போட்டு. பதினோரு வருஷமா பேச்சு இல்ல. நேத்து அவரே போன் பண்ணி, "மயக்க மருந்து குடுக்கறதுக்குள்ள உன்னை ஒரு தடவை பாத்துடணும்டா தம்பி"ன்னார். தம்பின்னார் சார்.

இருங்க... அண்ணிதான்.

"சொல்லுங்க அண்ணி... இல்ல, இங்கதான் இருக்கேன்... விட்டுட்டேன் அண்ணி... ம்... இப்பவே கூட்டிட்டுப் போறாங்களா?... கேக்கறாரா?... அவர்கிட்ட வேற எதுவும் சொல்லாதீங்க. விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்ல."