காலை எடுக்கவா, மச்சான்?

விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள். காபிக் குவளையைக் கீழே வையுங்கள்... சத்தம் வேண்டாம்.

அக்டோபர் கடைசி. மாலை ஆறு மணி, நல்ல இருட்டு. மலையிலிருந்து இறங்கும் கல்பாதையில் இரண்டே வண்டிகள். பின்னால் வந்தவர் என் தோழி ஆஸ்தீஸின் மாமா, குன்ஸ்டைன். முன்னால் அவர் மனைவியின் தம்பி தோர்லாகூர். மந்தையோடு இறங்காமல் மலையில் தங்கிவிட்ட ஆடுகளைத் தேடிப் போனவர்கள். மூன்று கிடைத்தன. குன்ஸ்டைனின் ஜீப் முழுக்க ஈரக் கம்பளி வாடை.

வழி நெடுக வாக்கி டாக்கியில் சண்டை. குன்ஸ்டைனுடையது பழைய ஜீப். பொத்தானை அமுக்கினால் 'டக்'. டிஃப் லாக் விழும், இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றும். தோர்லாகூருடையது புதுசு, டிராக்‌ஷன் கன்ட்ரோல். வழுக்கிச் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் வண்டியே பிரேக் போடும். இழுவை மற்றதற்குப் போகும்.

"உன் வண்டி யோசிக்கும் மாப்ளே. என் வண்டி போகும்."

"நேரா மட்டும் போகும் மச்சான். லாக் போட்டா திரும்பாது. உன்னை மாதிரியே."

ஆறு வந்தது. மழையில் ஏறியிருந்தது. எரிமலைப் பக்கத்து ஆறு, அதனால் கந்தக வாடை. தோர்லாகூர் முதலில் வண்டியை ஆற்றில் இறக்கினார். நடு ஆற்றில் வண்டி முனகி நின்றது. கட கட கட... கட கட...

"மச்சான், கீழே ஏதோ உடையிற மாதிரி இருக்கு. காலை எடுக்கவா?"

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது. குன்ஸ்டைனுக்குத் தெரியும். அது உடையும் சத்தம் இல்லை, பிரேக் பிடித்துப் பிடித்து விடும் சத்தம். மிதித்தபடி இருந்தால் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால்... மாட்டிக்கொள்ளட்டும், கயிறு போட்டு நாம் இழுப்போம், குளிர்காலம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம். அவ்வளவுதான் நினைத்தார்.

"எடுத்துடு மாப்ளே."

எடுத்தார். சத்தம் நின்றது. வண்டி மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. குன்ஸ்டைன் கயிற்றை எடுப்பதற்குள் பின்விளக்குகள் தண்ணீருக்கு அடியில் சிவப்பாக எரிந்தன. கொஞ்ச நேரம்... பிறகு அதுவும் இல்லை.

"அவனாவே காலை எடுத்துட்டான்" என்று வீட்டில் சொன்னார். மனைவி ரக்னா நம்பினாள். "சின்ன வயசிலேயே அவனுக்குப் பொறுமை கிடையாது" என்று செத்த தம்பியைத் திட்டித் திட்டி அழுதாள். அழுதுகொண்டே இவருக்கு மீன் சூப் ஊற்றினாள். இவர் குடித்தார்.

அடுத்த வருஷம், அதே நாள், அதே ஆறு. இந்த முறை தனியாக. பொத்தானை அமுக்கினார். டக். நடு ஆற்றில்... அடியில்... கட கட கட.

அந்த ஜீப்பில் அந்தச் சத்தம் வர வழியே இல்லை.

அணைத்து வைத்திருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"மச்சான்... காலை எடுக்கவா?"

"எடுக்காதே! மிதி! மிதிடா!" ஒரு வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பதில். தொண்டை கிழியக் கத்தினார்.

ஜீப் கரையேறியது. குன்ஸ்டைன் காலை எடுத்தார். வேகம் குறையவில்லை. ஆக்சிலரேட்டர் தரையோடு அமுங்கியே இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்தினார். குனிந்து தொட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை... பெடல் மட்டும் ஈரம்.

இப்போது அந்த ஜீப் அவர் ஆட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டார், ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பெடல் எழும்பவில்லை. ஈரமும் காயவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்தீஸ் வைக்கோல் எடுக்கப் போனாள். ஜீப்பின் கதவு திறந்திருந்தது. மாமா மண்டியிட்டு, பெடல் மேல் கை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"தப்பு என் மேலதான்டா. அக்காகிட்ட சொல்லிடறேன். போதும்... காலை எடுத்துடு மாப்ளே."

பேட்டரி இல்லாத வாக்கி டாக்கி கரகரத்தது. கந்தக வாடை கதவு வரைக்கும் வந்ததாம்.

"அன்னைக்கும் இதையேதானே சொன்னே, மச்சான்?"