இந்திப் படத்தின் கடைசி வசனம்

5.3.1955, சனி. மண்டைக்காடு.

ஒரு சின்னப் பிழை. இந்தியில் ‘கல்’ என்றால் நாளை என்று மட்டும் படித்து வைத்திருந்தேன். நேற்று என்பதற்கும் அதே சொல்தானாம். நேற்று மாலை வகுப்பில் சந்தேகம் வந்தது. இன்று காலை இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மத்தியானம் டென்டுக் கொட்டகைக்குப் போய் அதை நடத்தும் சுயம்பு அண்ணாச்சியிடம் சொன்னேன். அங்கே நடந்த பேச்சை முறை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

— கல்லா? மயிலாடியில கொத்துவாவளே, அந்தக் கல்லா?

— இல்லே அண்ணாச்சி, இந்திக் கல். நாளைக்கும் அதுதான், நேத்தைக்கும் அதுதான்.

— அது எப்படிவே? ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு அந்த நாட்டுல ஒருத்தன் கல்யாணத்துக்கு எப்படிச் சரியாப் போய்ச் சேருவான்?

— பின்னால வாற வினைச்சொல்ல வச்சுக் கண்டுபிடிக்கணுமாம். நான் அதைக் கவனிக்கல.

— கவனிக்காம இருந்ததுல இப்ப என்ன கொறஞ்சு போச்சு, பெருமாளு?

— படத்துக்க முடிவே மாறிப் போச்சு அண்ணாச்சி. கடைசியில அந்தக் கெழவன் கடற்கரையில ஓடிவந்து, மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கவகிட்ட ஒண்ணு சொல்லுகாம்லா? நான் மைக்குல, ‘மகளே, ஒன் மாப்பிள்ளை நாளைக்கு வருவான்’னு சொல்லிட்டேன். அவன் உண்மையில சொல்லுகது, ‘நேத்து அவனுக்க உடல் கிடைச்சுது’ன்னு. மிச்சம் வெளங்காம அந்தக் கல்லை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.

— அய்யோ, சாவா?

— சாவுதான்.

— செவ்வாக்கிழமையிலேந்து ஒரு செத்த மனுசனை நாளைக்கு நாளைக்குன்னு வரச் சொல்லிக்கிட்டா இருந்தோம்? கொள்ளாம்வே!

— சிரிக்காதிய அண்ணாச்சி. எனக்குக் காலையிலேந்து சோறு எறங்கல.

— சிரிக்காம என்ன செய்ய? இந்தப் படப்பெட்டிய அனுப்பினவன் என்ன சொல்லி அனுப்பினான் தெரியுமா? ‘தமிழ்ப்படம் ஒண்ணும் கையில இல்லே, இதை ஓட்டிப் பாரும், ஓடலேன்னா என்னை ஏசாதியும்’னான். முகம் தெரியாத நடிகன், புரியாத பாஷை. கோயில் கொடைக்கு வாற சனம் மூங்கிலையும் பிடுங்கிக்கிட்டுப் போயிரும்னுதான் நெனச்சேன். பொறவுதான் ஒம்ம நெனப்பு வந்துது. சாயங்கால வகுப்புல இந்தி படிக்கான், மைக்குப் பக்கத்துல இருத்திக் கதை சொல்லச் சொல்லுவோம்னு.

— நான் அப்பவே சொன்னேம்லா, எட்டு மாசப் படிப்புதான், சரியா வருமோ என்னமோன்னு.

— நல்லா வந்துதே! மொத நாளு எவனோ ‘ஏலே, தமிழ்ல பேசுங்கல’ன்னு கத்தினான். நீரு வாயத் தொறந்தீரு, அடங்கிட்டான். ரெண்டாம் நாளு பொம்பளையாளுவ மூக்கச் சிந்திக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே வெளிய போறாளுவ. தண்ணிப் பந்தல்ல, வளவிக் கடையில, எல்லா எடத்துலயும் இதே பேச்சு. அந்த முடிவையா மாத்தப் போறீரு?

— இன்னைக்குச் சரியாச் சொல்லிரலாம்னு நெனக்கேன். எங்க இந்தி சாரும் ஆட்டத்துக்கு வாறேன்னு சொல்லியிருக்காரு.

— சாரு வாறாரா? அதாக்கும் விசயம்.

— அதுமட்டும் இல்லே. நிசமான முடிவு நான் சொன்னதைவிட நல்லா இருக்கு அண்ணாச்சி. அவ ராத்திரியெல்லாம் ஒரு ராந்தல் வெளக்கை அணையாமப் பிடிச்சிருப்பாம்லா? கெழவன் சொன்னதும் மண்டியிட்டு அதை அணைச்சிருவா. நான், ‘விடிஞ்சிட்டு, இனி வெளக்கு வேண்டாம்’னு சொன்னேன். அது அப்படி இல்லே. இனி யாருக்கு வெளக்குன்னு அணைக்கா. காலையில புத்தகத்த மூடி வச்சுட்டு அந்தக் காட்சிய மறுபடி நெனச்சுப் பாத்தேன். இவ்வளவு நல்ல படத்த நாம குப்பைன்னு நெனச்சோம். நான் அதை இன்னும் கெடுத்துட்டேன்.

— நல்ல படமோ கெட்ட படமோ, ஆளுவ வீட்டுக்குப் போகும்போது மனசு நெறஞ்சு போகணும். ஆரது, படுதாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கது? ஆட்டம் ராத்திரிதாம்மா.

— நான் படத்துக்கு வரல அண்ணாச்சி. மைக்குல கதை சொல்லுத தம்பியப் பாக்கணும்.

— நான்தான் அக்கா. சொல்லுங்க.

— நீங்களா? கொரலுக்கு வயசான ஆளா இருக்கும்னு நெனச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான் சொல்லுகாங்க. உள்ள வாங்க, வெயிலா இருக்கு.

— நான் புதூரு, கடப்புறம். பேரு செசிலி. டைட்டஸுக்க அண்ணனைக் கெட்டியிருக்கேன்.

— வலக்கார டைட்டஸா? அப்ப ததேயுஸுக்க வீட்டுக்காரி! அட, நமக்கு நெத்திலி கொண்டு தாறவன்லா ததேயுஸு. எங்க, அஞ்சாறு நாளா ஆளைக் காணல?

— திங்களாழ்ச்சை கடலுக்குப் போனாவ, அண்ணாச்சி. கட்டுமரம் மட்டும் வந்துது.

— என்னம்மா சொல்லுதே?

— கட்டு அவுந்து ரெண்டு தடியா வந்துது. அவிய வரல.

— எனக்குத் தெரியாதே! கொடைச் சந்தடியில ஒண்ணும் காதுல விழல. இரும்மா, அந்தப் பெஞ்சுல இரி. வெள்ளம் குடிக்கியா?

— வேண்டாம். நான் ஒரு காரியம் கேட்டுட்டுப் போயிருதேன். தம்பி, உங்க கொரலு எங்க கரைக்குக் கேக்கும். தெரியுமா?

— கடப்புறத்துக்கா? தெரியாதே அக்கா.

— என் வேலைதான் அது, பெருமாளு. கொழா ஸ்பீக்கர கோயிலப் பாத்துக் கெட்டினேன், நாதசுரம் கேக்கலன்னு சத்தம் போட்டாவ. தெங்குல ஏறிக் கடலப் பாத்துத் திருப்பி விட்டேன்.

— நல்லாக் கேக்குது. காத்து எங்க பக்கம் வீசினா நீங்க இருமுதது கூடக் கேக்கும். என் மாமியார் மரம் வந்த நேரத்துலேந்து கரையில மண்ணுல இருக்கா. கூப்பிட்டா எந்திரிக்க மாட்டா. அழவும் இல்லே. அழுதா அவன் செத்துருவாம்பா. பங்குச் சாமியாரு வந்து சொன்னாரு, கேக்கல. கஞ்சி கொண்டு போனா மண்ணுல கொட்டிருவா.

— பாவமே.

— செவ்வாக்கிழமை ராத்திரி கொழாயில உங்க கதை கேட்டுது. கடலுக்குப் போனவன் கதைன்னு தெரிஞ்சதும் மாமி காதக் குடுத்தா. கடைசியில நீங்க, ‘மகளே, ஒன் மாப்பிள்ளை நாளைக்கு வருவான்’னு சொன்னிய. மாமி எந்திரிச்சா. ‘ஏட்டி செசிலி, கஞ்சி இருக்கா’ன்னு கேட்டா.

— குடிச்சாங்களா அக்கா?

— குடிச்சா. ஒறங்கினா. விடிஞ்சதும் மறுபடி கரையில போய் இருந்தா. ராத்திரி உங்க கொரலு வந்துது, கேட்டா, எந்திரிச்சா, குடிச்சா, ஒறங்கினா. அதுதான் ஒவ்வொரு நாளும்.

— மாமி அது படம்னு அறியல்லியா அக்கா?

— அறியாமலா? அவளுக்குப் புத்தியில ஒரு கொறையும் இல்லே. ‘சினிமாக்காரன் பொய்யி சொல்லட்டு, நாளைக்குன்னு ஒருத்தன் சொல்லுதாம்லா, நீங்க ஆராவது சொல்லுதியளா’ன்னு எங்கிட்டக் கேக்குதா. எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு வரல தம்பி.

— சரிம்மா, இப்ப நீ வந்த காரியம்?

— இன்னைக்கும் படம் உண்டா, அதே மாதிரிச் சொல்லுவாவளான்னு கேட்டுட்டுப் போக வந்தேன். கொடையில நடுவுல படத்த மாத்துவாவன்னு டைட்டஸ் சொன்னான்.

— படம் அதேதான். பெருமாளு, இப்பச் சொல்லும் ஒம்ம கல்லு கதைய.

— அக்கா, நான் சொன்னது தப்பு.

— எது தப்பு?

— நாளைக்குங்கது. அந்தக் கெழவன் நேத்துன்னு சொல்லுகான். நேத்து அவன் உடல் கிடைச்சுதுன்னு. எனக்கு இந்தி சரியாத் தெரியாது. தெரியாம ஒரு நம்பிக்கையக் குடுத்துட்டேன். இன்னைக்குச் சரியாச் சொல்லணும்னு இருக்கேன்.

— அப்படியா. அந்தப் படத்துலயும் செத்துத்தான் போனானா?

— ஆமா அக்கா.

— அவ என்ன செய்தா?

— மண்டியிட்டு, கையில இருக்க வெளக்கை அணைச்சா.

— அணைச்சிட்டு?

— அதோட படம் முடிஞ்சுது.

— அதுக்குப் பொறவு அவ எங்க போனா, என்ன செய்தான்னு ஒண்ணும் காட்டலியா?

— இல்லே அக்கா. நாங்க வெளிச்சத்தப் போட்டிருவோம். எல்லாரும் எந்திரிச்சிருவாங்க.

— அதைக் காட்டியிருக்கலாம்.

— அழாதம்மா. பெருமாளு, நீரு ஏன்வே இதையெல்லாம் வெவரமாச் சொல்லுதீரு?

— அவங்க கேட்டாங்க அண்ணாச்சி.

— தம்பி, இன்னைக்கு ஒரு நாளு. இன்னைக்கு மட்டும் பழையபடி சொல்லுங்க. நாளைலேந்து நீங்க சரியானதச் சொல்லிக்கிடுங்க.

— எங்க சாரு முன்வரிசையில இருப்பாரு அக்கா. மாலை வகுப்புல எனக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித் தந்தவரு. தப்புன்னு தெரியாமச் சொன்னது ஒண்ணு. தெரிஞ்சுக்கிட்டே அவரு முன்னால எப்படிச் சொல்ல?

— ஒம்ம சாரு அடிச்சிருவாரா?

— அடிக்க மாட்டாரு அண்ணாச்சி. தலையக் குனிஞ்சுக்கிடுவாரு. அதுதான் எனக்குக் கஷ்டம்.

— ஒண்ணு செய்யும். அந்த எடம் வரும்போது மைக்க அமத்திப்புடும். இந்தி தன்பாட்டுக்குப் போகட்டு. பொய்யும் இல்லே, மெய்யும் இல்லே.

— அது கொள்ளாது அண்ணாச்சி. மாமி கதை கேக்குததே அந்த ஒரு பேச்சுக்காக. அந்த நேரத்துல கொழா சும்மா இருந்தா அவளுக்கு அதுவே போதும். எல்லாத்தையும் அறிஞ்சுக்கிடுவா.

— அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது.

— கேளுங்க.

— இன்னைக்கு நான் நாளைக்குன்னு சொல்லுகேன். நாளைக்கு ராத்திரி அவங்க மறுபடி காதக் குடுத்துக்கிட்டு இருப்பாங்க. வாற செவ்வாக்கிழமையோட கொடை முடியும், நாங்க டென்டப் பிரிச்சிருவோம். அதுக்குப் பொறவு ஆரு சொல்லுவா? ஒரு தாயைப் பொய்யில வச்சுட்டுப் போறது சரியா? எனக்குத் தெரியல, கேக்கேன்.

— நாளைக்கு ராத்திரி அவ கதை கேக்க வரமாட்டா.

— ஏன்?

— நாளைக்கு அவிய வந்திருவாவ.

— இதையேதானே நானும் உளறிக்கிட்டு இருந்தேன் அக்கா. எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்லுதிய?

— இப்ப கொஞ்சம் முன்னால தேங்காப்பட்டணத்துலேந்து ஆளு வந்துது. நேத்து சாயங்காலம் அங்க கரை சேந்துட்டாவளாம். கழுத்துல கெடக்க மாதா உத்தரியத்தப் பாத்து அடையாளம் சொன்னாவ. நான் தைச்சுப் போட்டது, நீலத் துணியில. டைட்டஸ் அப்பவே வள்ளத்தோட போயிட்டான், கொண்டு வர.

— அண்ணாச்சி! கேட்டியளா? கரை சேந்துட்டாராம்!

— எங்க அய்யா சாமி காப்பாத்தினாரு! ஏம்மா, இதை மொதல்லயே சொல்லாம, எங்களை இந்தப் பாடு படுத்திட்டியே! நல்ல நீச்சக்காரன்லா ததேயுஸு, எனக்கு அப்பவே மனசுல பட்டுது. பெருமாளு, எந்திரியும். எஞ்சினப் போடச் சொல்லுதேன், மைக்க எடும். ஒம்ம வாயாலயே கொழாயில சொல்லிப்புடும், மாமி கேக்கட்டு.

— வேண்டாம் அண்ணாச்சி. மைக்கத் தொடாதிய.

— ஏன் அக்கா, இது சந்தோஷமான காரியம்லா? மாமிக்கு இப்பவே தெரிஞ்சா என்ன?

— மாமி இன்னைக்கு ஒரு ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு ஒறங்கட்டு, தம்பி. நாளைக்கு முதல் பூசை கழிஞ்சு வள்ளம் கரை பிடிக்கும். பெட்டிக்கு ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு, கல்லறைக்குத் தூக்க நாலு ஆளு வேணும், மூணு பேருதான் இருக்காவ, நீங்க வாருங்க.