மருமகள் குனியாத வாரம்

சாலிகா: அதுக்குப் பேரு குனியறதா? கதவு பாதியில மாட்டிக்கிட்ட மாதிரி நின்னியே!

ஜீபெக்: குனிஞ்சேன் அத்தை... பெரியம்மா சரியாப் பார்க்கலை போல.

சாலிகா: உன் மாமனாரோட அக்கா. மேய்ச்சல் மலைக்கு நாலு மணி நேரம் குதிரையில வந்தவ. மருமக மூணு தடவை குனிஞ்சு வணங்கணும். நீ குனிஞ்சது ஒரு தடவை. அதுவும் அரை...

ஜீபெக்: முதுகுல பிடிப்பு.

சாலிகா: நேத்து முட்டியிலன்னே.

ஜீபெக்: அது... மேல ஏறிடுச்சு.

சாலிகா: ஏறும், ஏறும். வா, உக்காரு.

ஜீபெக்: பரவாயில்லை, நிக்கறேன்.

சாலிகா: காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேதான் டீ ஊத்தறே. உக்காருடி!

ஜீபெக்: உக்காந்தா எழுந்திருக்க முடியலை அத்தை!

சாலிகா: ஆங்... இப்ப வந்துச்சு பாரு உண்மை. சரி, ரஜாய்ப் போர்வை அடுக்குக்குள்ள இது என்ன டப்பா?

ஜீபெக்: ஐயோ.

சாலிகா: ஐயோவா? ஒரு ஆம்பளை படம் போட்டிருக்கு. கழுத்தே இல்லை. யாருடி இவன்?

ஜீபெக்: யாரோ விளம்பரக்காரன்! உங்க மகன்தான் நாரின் டவுன்லேர்ந்து வாங்கிட்டு வந்தார்.

சாலிகா: மிர்லானா? அவனும் கூட்டா? எதுக்கு?

ஜீபெக்: அத்தை... மாமாகிட்ட சொல்ல மாட்டீங்களே?

சாலிகா: முதல்ல என்கிட்ட சொல்லு.

ஜீபெக்: ஞாயித்துக்கிழமை நாரின்ல கச்சை மல்யுத்தத்துக்கு ஆள் எடுக்கறாங்க. பெண்கள் அணி. கல்யாணத்துக்கு முன்னாடி நான்...

சாலிகா: தெரியும், மாவட்டத்துல ரெண்டாவது.

ஜீபெக்: ரெண்டாவதுதான். அதான் உறுத்துது. இந்தத் தடவை விட்டா அடுத்தது ரெண்டு வருஷம் கழிச்சு. அப்ப என்னை யாரு கூப்பிடுவா?

சாலிகா: ம்... பயிற்சி எங்கே? இங்க மலையில யாரு இருக்கா உனக்கு?

ஜீபெக்: தண்ணி எடுக்க ஓடைக்குப் போவேன்ல...

சாலிகா: அதானே, ரெண்டு வாளிக்கு ஒரு மணி நேரம்!

ஜீபெக்: அந்தக் கறுப்புக் கிடாவைத் தோளில போட்டுக்கிட்டு மேடு ஏறுவேன். இறங்குவேன். பதினஞ்சு தடவை.

சாலிகா: கறுப்புக் கிடாவையா? அதான் உன்னைப் பார்த்தா அது மந்தையை விட்டு ஓடுது! ஓநாய் வாசம் பிடிச்சிருக்குன்னு உன் மாமனார் ரெண்டு நாளாத் துப்பாக்கியோட சுத்தினாரேடி!

ஜீபெக்: சிரிக்காதீங்க அத்தை. எனக்குச் சிரிச்சாலும் வலிக்குது. வயிறும் பிடிச்சிருக்கு.

சாலிகா: சரி சரி... இந்த டப்பாவுல இருக்கற பொடி என்ன பண்ணும்?

ஜீபெக்: கஷ்டப்பட்டா சதை உள்ளுக்குள்ள நைஞ்சுடுமாம். அது திரும்பக் கட்டிக்க இது. பால்லேர்ந்து பிரியற தெளிவைக் காய வெச்சுப் பொடியாக்கறாங்க.

சாலிகா: எது? தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டா மஞ்சளா வடியுமே, அந்தத் தண்ணியா?

ஜீபெக்: கிட்டத்தட்ட அதுதான்.

சாலிகா: அடிப்பாவி! தினம் அதைக் கன்னுக்குட்டிக்கு ஊத்தறேன். அப்ப கன்னுக்குட்டியைத்தானே ஞாயித்துக்கிழமை அனுப்பணும்!

ஜீபெக்: அத்தை!

சாலிகா: இந்தக் குப்பி?

ஜீபெக்: புளிப்புச் செர்ரிச் சாறு. சுண்டக் காய்ச்சினது. வலி குறையுமாம்.

சாலிகா: குறைஞ்சுதா?

ஜீபெக்: கொஞ்சம்... குறைஞ்ச மாதிரிதான் இருக்கு.

சாலிகா: மாத்திரை?

ஜீபெக்: மக்னீசியம். கெண்டைக்கால் இழுத்துக்காம இருக்க. இந்தக் கறுப்புப் பிசின் பாறையில கசியற நாட்டு மருந்து, எங்கம்மா குடுத்தது.

சாலிகா: எல்லாத்தையும் சேர்த்தா குடிக்கறே?

ஜீபெக்: இல்லை, இல்லை. பயிற்சியாளர் அக்கா போன்ல திட்டினாங்க. உள்ளே என்ன இருக்குன்னு சீட்டு ஒட்டாத எதையும் தொடாதேன்னாங்க. பிசினை மூடி வெச்சுட்டேன்.

சாலிகா: புத்திசாலி. காலைக் காட்டு.

ஜீபெக்: எதுக்கு?

சாலிகா: காட்டுடின்னா... அம்மாடி! என்ன இது, தொடையா, சேணக் கட்டையா?

ஜீபெக்: ஆ! அமுக்காதீங்க!

சாலிகா: முப்பது வருஷமாக் குதிரைக் கால் பார்க்கறேன். இப்படி ஒரு காலை... ஜீபெக், நீ அழகா இருக்கேன்னு கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு இன்னிக்குத்தான்டி தெரியுது.

ஜீபெக்: கிண்டல் பண்ணாதீங்க.

சாலிகா: சத்தியமா. விடிகாலையில எழுந்து அடுப்பு மூட்டறே, குதிரைப்பால் கறக்கறே, ரொட்டி சுடறே, அப்புறம் கிடாவைச் சுமந்து மலை ஏறறே. எனக்குப் பெருமையா இருக்கு. போதுமா?

ஜீபெக்: ...அழ வெக்காதீங்க அத்தை.

சாலிகா: அழுதாலும் வலிக்குமோ?

ஜீபெக்: வலிக்கும்! பொடி, சாறு எல்லாம் துணைக்குத்தானாம். ஓய்வுதான் முதல் மருந்துன்னு அக்கா சொன்னாங்க. இங்க எனக்கு ஓய்வு எங்கே இருந்துச்சு? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கறந்தேன்... ஆனா அத்தை, ஒண்ணு கேக்கணும்.

சாலிகா: கேளு.

ஜீபெக்: புதன்கிழமையிலேர்ந்து மாமாவுக்கு என் மேல கோபமா?

சாலிகா: ஏன் கேக்கறே?

ஜீபெக்: வாளியைக் கையிலேர்ந்து பிடுங்கிட்டார். இப்ப அவரே கறக்கறார்! பால் பாதி அவர் பூட்ஸ்ல. தண்ணியும் தூக்காதேன்னுட்டார். நேத்து ஈரலை எடுத்து என் தட்டுல வெச்சார். ஒரு வார்த்தை பேசலை.

சாலிகா: ஓ.

ஜீபெக்: இன்னிக்கு, "ஞாயித்துக்கிழமை மிர்லானோட நாரின் போய் டாக்டரைப் பாரு"ங்கறார். தெரிஞ்சுபோச்சா அவருக்கு? கல்யாணமானவளுக்கு மல்யுத்தம் எதுக்குன்னு போன வருஷமே கத்தினாரே. என்னை வீட்டுக்கே அனுப்பிடுவாரோ? சொல்லுங்க அத்தை, யாரு சொன்னது அவர்கிட்ட? என்ன சொன்னாங்க?

சாலிகா: நான்தான் சொன்னேன். கத்தாதே... கேளு. தெரியாத மாதிரி கேட்டேனே தவிர, பதினோரு நாளாப் பாறைக்குப் பின்னாடி நின்னு உன்னைப் பார்த்தேன், ஞாயித்துக்கிழமைன்னு நீ போன்ல பேசினதையும் கேட்டேன். புதன்கிழமை அந்த மேட்டுல உன் கால் நடுங்கிக் கீழே உக்காந்துட்டே. அப்புறமும் எழுந்து கிடாவைத் தூக்கினே. எனக்கு மனசு தாங்கலை. அன்னிக்குச் சாயந்திரம் உன் மாமனார்கிட்ட போய், மருமக முழுகாம இருக்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு குச்சியைக்கூடத் தூக்கவிடாதீங்கன்னு சொல்லிட்டேன். மனுஷன் கண்ணு கலங்கிட்டார், பாவம். நீ போய் எதிர்ல வர்றவளைத் தூக்கிப் போட்டுட்டு வா. இந்தப் பொய்க்கு அவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன்.